சண்டைக்குப் பத்து நிமிடம்

ஜொகூரின் தம்போயில் கார் பட்டறைகள் வரிசையாக இருக்கும் தெருவில், டயர் கடைக்கும் சாயம் அடிக்கிற கடைக்கும் நடுவில் ஒரு குஷன் கடை இருக்கிறது. கிழிந்துபோன கார் இருக்கைகளுக்குப் புது உறை தைத்துப் போடுகிற கடை. அங்கே முப்பத்தோரு வருடமாகத் தைக்கிறவர் ராசம்மா. வயது அறுபத்தைந்து. பிறவியிலேயே காது கேட்காது. தையல் இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று உள்ளங்கையை மேசைமேல் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். ஊசி மழுங்கினால் மற்றவர்களுக்குத் துணி இழுபட்ட பிறகு தெரியும். ராசம்மாவுக்கு அதற்கு முன்பே மணிக்கட்டில் தெரிந்துவிடும். கடை தௌகேக்கு, அதாவது முதலாளிக்கு, அவரைக் கூப்பிட வேண்டுமென்றால் மேசை விளக்கை இரண்டு தடவை அணைத்து ஏற்றுவார். கோபமாக இருந்தால் நான்கு தடவை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் விளக்கு மூன்று தடவை அணைந்து எரிந்தது. இதென்ன புதுக் கணக்கு என்று ராசம்மா நிமிர்ந்து பார்த்தார். தௌகே வாசலைக் காட்டினார். அங்கே மகள் பிரேமலா நின்றிருந்தாள். செனாயில் இருக்கும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை அவளுக்கு. அந்த நேரத்தில் இங்கே வருகிற வழக்கமே இல்லை. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவர், கழுத்தில் அடையாள அட்டையோடு, தோல் வாடைக்கு மூக்கைச் சுருக்கலாமா கூடாதா என்ற யோசனையில் நின்றார். பெயர் ஸ்ரீதரன். வக்கீல் ஆபீசில் வேலை. சனி ஞாயிறுகளில் மட்டும் சில நண்பர்களோடு சேர்ந்து, பேசுகிறவர்கள் குறைந்துபோன மொழிகளைத் தேடி அலைகிறவர்.

ராசம்மா பேசுவதெல்லாம் கையால்தான். பிரேமலா அதை வாயால் சொல்வாள், வாயால் வருவதைக் கையால் சொல்வாள். பேச்சு அப்படித்தான் நடந்தது.

"ஆண்ட்டி, சின்ன மொழிங்களுக்கு ஒரு விழா எடுக்கிறோம். ரெண்டு நாள், ஜேபி பழைய டவுன்ல. கடலோரத்துலேர்ந்து செலேத்தார் ஆளுங்க வராங்க. மலாக்காவிலேர்ந்து கிறிஸ்தாங் பேசறவங்க வராங்க. உங்க பழைய பினாங்கு சைகை மொழியும் வரணும்னு ஆசை."

"எனக்கு அது தெரியும்னு யாரு சொன்னா?"

"காது கேளாதவங்க சங்கத்துல பிள்ளைங்க சொன்னாங்க. ராசம்மா ஆண்ட்டிக்குக் கோபம் வந்தா பழைய பாஷையில திட்டுவாங்க, எங்களுக்கு ஒண்ணுமே புரியாதுன்னு."

ராசம்மாவுக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க நூல்கண்டை எடுத்து வைத்தார்.

"என்ன செய்யணும்?"

"சிம்பிள்தான் ஆண்ட்டி. மேடையில நின்னு முப்பது சொல் காட்டுனா போதும். பின்னால பெரிய படம் போடுவோம். வாழைப்பழம், மழை, அம்மா, இப்படி."

பிரேமலா கையால் சொல்லி முடிப்பதற்குள் ராசம்மாவின் புருவம் ஏறிவிட்டது.

"நான் என்ன பாலர் பள்ளிச் சுவத்துல ஒட்டுற படமா? வாழைப்பழம்னு சொன்னா யாரு பதில் சொல்லுவா? வாழைப்பழமா?"

பிரேமலா அதை மரியாதையாக மாற்றிச் சொல்லப் பார்த்தாள். ராசம்மா மகளின் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மாத்தாம சொல்லு," என்றார்.

சொன்னாள். ஸ்ரீதரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்போ எப்படி ஆண்ட்டி?"

"ஒத்த ஆளு கையாட்டினா அது கொசு விரட்டறது. ரெண்டு பேரு இருந்தாத்தான் பேச்சு."

"இன்னொருத்தரு இருக்காங்களா, நம்ம ஜொகூர்ல?"

ராசம்மா ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். கன்னக்குழி. அவ்வளவுதான். பிரேமலா அதைச் சொல்லவில்லை.

"என்ன சொன்னாங்க?" என்றார் ஸ்ரீதரன்.

"பேரு சொன்னாங்க. வெள்ளையம்மா ஆண்ட்டி. பெக்கான் நானாஸ்ல இருக்காங்க." பிரேமலா குரலைத் தாழ்த்தினாள், அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. "ஆனா அது நடக்காது லா. ஒம்பது வருஷமா பேச்சு இல்ல."

குரலைத் தாழ்த்தினால் என்ன, உதடு தாழவில்லையே. ராசம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

*

ராசம்மாவுக்கு ஏழு வயதானபோது அப்பா அவரை ரயிலேற்றி பினாங்குக்குக் கூட்டிப்போனார். காது கேளாத பிள்ளைகளுக்கு அங்கே ஒரு பள்ளி இருந்தது. அதே பெட்டியில் பெக்கான் நானாஸ் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு சிறுமிகள். ஒருத்தி கன்னக்குழி விழ அழுதுகொண்டே வந்தாள். இன்னொருத்தி அழவே இல்லை, வழியெல்லாம் சட்டைப் பையில் ரொட்டியை ஒளித்து ஒளித்துத் தின்றாள். பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மூன்று பேருக்கும் பெயர் விழுந்துவிட்டது. கன்னத்தில் விரல் அழுத்தினால் வெள்ளையம்மா. பையைத் தட்டினால் கருப்பாயி. அடுத்தவர் பின்னலைப் பிடித்து இழுக்கிற குணம் ராசம்மாவுக்கு, அதனால் காற்றில் பின்னலை இழுத்தால் ராசம்மா. வீட்டில் வைத்த பெயரை அதற்குப் பிறகு அங்கே யாரும் உபயோகிக்கவில்லை.

வகுப்பில் உதட்டைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். வகுப்பு முடிந்து ஹாஸ்டலுக்குப் போனதும் கைகள் தொடங்கிவிடும். அந்தக் கைப்பேச்சை யாரும் புத்தகத்தில் எழுதிச் சொல்லித்தரவில்லை. பெரிய பிள்ளைகளைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை எல்லாருக்கும் அது ஒன்றுதான். சாப்பாட்டு மேசையில் வார்டன் நடமாடும்போது கைகளை மடிக்குள் இறக்கி, விரலை மட்டும் அசைத்துப் பேசுவார்கள். ராசம்மா முதல் ஜோக் சொன்னது அந்த மொழியில். முதல் பொய் சொன்னதும் அதில்தான்.

பிறகு நாடு முழுவதுக்கும் பொதுவான சைகை மொழி வந்தது. நல்லதுதான். ராசம்மாவும் அதைக் கற்றுக்கொண்டார். ஆஸ்பத்திரியிலும் சங்கத்திலும் இளம்பிள்ளைகளிடமும் அதில்தான் பேசுவார். ஆனால் புது மொழியில் அவர் பொறுமையான ஒரு பெரிய மனுஷி. பழைய மொழியில்தான் அவர் பின்னல் இழுக்கிற ராசம்மா.

கணவர் சதாசிவத்துக்குக் காது நன்றாகக் கேட்கும். லோரி ஓட்டினவர். கையால் மொத்தம் அறுபது சொல் தெரியும் அவருக்கு. சோறு, மழை, தூக்கம், லோரி, கோபம் வேண்டாம், சரி சரி. இந்த அறுபதை வைத்துக்கொண்டே நாற்பது வருடம் குடும்பம் நடத்திவிட்டார். அதில் "சரி சரி" மட்டும் பாதி வேலையைச் செய்தது என்பார் ராசம்மா. பிரேமலாவுக்கு அம்மாவின் கை தாய்ப்பாலோடு வந்தது. ஆனால் அது பழையதும் புதியதும் வீட்டுச் சைகையும் கலந்த கலவை. ஹாஸ்டல் பேச்சு வேகமாக வந்தால் அவளுக்குப் பிடிபடாது.

ஆக, அந்த மொழியில் முழுசாகப் பேச ராசம்மாவுக்கு இரண்டு பேர்தான். மாதத்துக்கு ஒரு ஞாயிறு மூன்று பேரும் சந்திப்பார்கள், யாராவது ஒருவர் வீட்டில். அப்படியே நாற்பது வருடம் ஓடியது.

அதைக் கெடுத்தது ஒரு கல்யாண வீடியோ.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் வெள்ளையம்மாவின் ஒரே மகன் வசந்தனுக்குப் பெக்கான் நானாஸில் கல்யாணம். மண்டபத்தில் மேளம் காதைப் பிளந்தது. கேட்கிற ஜனங்கள் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். ராசம்மாவுக்கும் கருப்பாயிக்கும் அந்தச் சிரமம் இல்லை. ராசம்மா மூன்றாம் வரிசை, கருப்பாயி கடைசியில் சாப்பாட்டுக் கதவோரம். மண்டபத்துக்குக் குறுக்கே சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வெள்ளையம்மா மணமேடையில் சடங்குக்குக் குனிந்திருந்தார். பார்க்கமாட்டார் என்ற தைரியத்தில் ராசம்மா சொன்னது இது:

"பிள்ளைய வளர்த்தா, படிக்க வச்சா. அம்மாகிட்டப் பேச அவனுக்கு நாலு சொல் சொல்லித்தரல. இப்ப மருமக வேற வராளா, இனிமே இவ வீட்டுல இவதான் விருந்தாளி."

கருப்பாயி விழுந்து விழுந்து சிரித்தார்.

கேமராக்காரருக்கு இரண்டு அம்மாக்கள் கையை வீசிப் பேசுவது அழகாகத் தெரிந்திருக்கிறது. ராசம்மாவையே இரண்டு நிமிடம் எடுத்திருக்கிறார். வாயால் பேசியிருந்தால் மேளத்தில் கரைந்துபோயிருக்கும். கை பேசினதோ ஒரு சொல் விடாமல் பதிவாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து வீடியோ வந்தது. வெள்ளையம்மா வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்த்தார்கள். புரிந்தது ஒருவருக்கு மட்டும். அன்று சாயங்காலம் ராசம்மாவின் போனில் வீடியோ அழைப்பு வந்தது. எடுத்துப் பார்த்தால் வெள்ளையம்மாவின் முகம் இல்லை. டிவி தெரிந்தது. அதில் ராசம்மாவின் இரண்டு கைகளும் அந்தரத்தில் நின்றுபோயிருந்தன. ஐந்து விநாடி. பிறகு அழைப்பு அறுந்தது.

ராசம்மாவைக் குத்தியது வெள்ளையம்மாவின் கோபம் இல்லை. வசந்தன் பிறந்தபோது வெள்ளையம்மாவின் மாமியார், கையைப் பார்த்து வளர்ந்தால் பிள்ளைக்குப் பேச்சு வராது என்று பயந்து, குழந்தையைத் தாயின் கைக்கு எட்டாமலே வைத்திருந்தார். ராசம்மாவுக்கு அது தெரியும். தெரிந்தே சொன்னார். அதுதான் குத்தியது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கருப்பாயி இறந்துபோய்விட்டார். அதற்குப் பிறகு ராசம்மாவின் கைக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. ஒரு நாள் தைத்துக்கொண்டே எதையோ நினைத்தபோது, அதற்கான பழைய சைகை வரவில்லை, புதியதுதான் வந்தது. ராசம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டார். தேடித் தேடிப் பார்த்தார். சாயங்காலம் குளிக்கிறபோதுதான் அது கைக்கு வந்தது. அன்றிலிருந்து குளியலறைக் கண்ணாடியில் தானே கேட்டுத் தானே பதில் சொல்லிப் பழகுகிறார். கண்ணாடி எதிர்த்துப் பேசுவதில்லை. அது ராசம்மாவுக்குப் பெரிய குறை.

*

முப்பது சொல்லை விட்டுவிட்டு, இரண்டு நாற்காலிக்கும் பத்து நிமிடத்துக்கும் ஸ்ரீதரன் ஒத்துக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ராசம்மா சேலை கட்டிக்கொண்டு சதாசிவத்தின் முன்னால் நின்றார். கன்னத்தை அழுத்திக் காட்டினார். கார் ஓட்டுவதுபோலக் காட்டினார்.

சதாசிவம் தன் அறுபது சொல்லில் தேடினார். "கோபம் வேண்டாம்?"

"கோபம் இல்ல. போலாம்."

"சரி சரி."

பழைய கஞ்சில் காரில் கிளம்பினார்கள். செம்பனைத் தோட்டங்கள் முடிந்து அன்னாசிக் காடு தொடங்கும் இடத்தில் மழை பிடித்தது. வெள்ளையம்மா வீட்டு வாசலில் மணி கிடையாது. பொத்தானை அழுத்தினால் உள்ளே கூடத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து அணையும். ராசம்மா அழுத்தினார். ஜன்னல் வழியாகச் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. கதவைத் திறந்தது வசந்தன்.

அவனுக்குப் பின்னால், கூடத்தின் நடுவில், வெள்ளையம்மா நின்றிருந்தார். ராசம்மாவைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

காது கேட்கிறவர்களுக்கு அது சாதாரணம். ஆனால் கையால் பேசுகிறவர்களுக்கு, எதிரில் இருப்பவர் கண்ணை மூடுவதைப்போல முகத்தில் அடிக்கிற காரியம் வேறு இல்லை. கதவைச் சாத்தினால்கூடத் தட்டலாம். மூடின கண்ணைத் தட்ட முடியாது.

வசந்தனுக்கு வியர்த்துவிட்டது. "அங்கிள், வாங்க. அம்மா... அம்மா தூங்குறாங்க."

சதாசிவம் எட்டிப் பார்த்தார். "நின்னுகிட்டேவா?"

"ஐயோ, அலமாக், அங்கிள். நான் என்ன செய்யறது? ஷாந்தினி இருந்தா சமாளிச்சிருப்பா. அவ வேலைக்குப் போயிட்டா." ஷாந்தினி அவன் மனைவி.

ராசம்மா வசந்தனின் கையைப் பிடித்து, விழாவின் அழைப்பு அட்டையை வைத்தார். பிறகு மெதுவாக மூன்று சைகைகள் காட்டி, அம்மாவிடம் இதைச் சொல் என்று சாடை செய்தார். வசந்தன் முயன்றான். முதல் சைகையிலேயே விரல்கள் சிக்கிக்கொண்டன. அவன் முகத்தைப் பார்க்க ராசம்மாவுக்குப் பாவமாக இருந்தது. அவன் தோளைத் தட்டிவிட்டுக் காருக்கு வந்தார்.

வந்தவர் உட்காரவில்லை. சதாசிவத்தின் போனைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்து, பிடிக்கச் சொன்னார். தூறலில் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, அன்னாசிக் காட்டைப் பின்னால் வைத்து, பழைய மொழியில் பேசினார்.

"கன்னக்குழி. சனிக்கிழமை நாலு இருபதுக்கு மேடை. ரெண்டு நாற்காலி, பத்து நிமிஷம். என்னைத் திட்டணும்னா அங்க வந்து திட்டு. பத்து நிமிஷமும் உனக்குத்தான். நீ கண்ண மூடிக்கிட்டா எனக்கு ஊர்ல வேற யாரு இருக்கா?"

அதை வசந்தனின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினார்கள். தம்போய் வருவதற்குள் இரண்டு நீலக் கோடுகள் வந்துவிட்டன. பதில் வரவில்லை. திங்கள் வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை தௌகே விளக்கை நான்கு தடவை அணைத்தார். ராசம்மா ஒரு மைவி காரின் முன் இருக்கை உறையைப் பின் இருக்கைக்குத் தைத்து வைத்திருந்தார். முப்பத்தோரு வருடத்தில் முதல் தடவை.

*

சனிக்கிழமை பழைய டவுனில் தெருவை மறித்துக் கூடாரம் போட்டிருந்தார்கள். செலேத்தார் பெண்கள் சிப்பிகளைப் பரப்பி வைத்து ஒவ்வொன்றுக்கும் தங்கள் மொழியில் பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் சிப்பியை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கிறிஸ்தாங் குழு மேடை ஓரத்தில் கித்தாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது. ஐஸில் தேங்காய்ப்பால் ஊற்றித் தரும் செண்டோல் கடையில்தான் எல்லா மொழிக்காரர்களும் நின்றார்கள்.

நாலு மணிக்கு ஸ்ரீதரன் வந்தார். "ஆண்ட்டி, அவங்க வரலன்னா என்ன செய்யலாம்? வேணும்னா அந்த முப்பது சொல்..."

பிரேமலா கையால் சொன்னாள். ராசம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வரலன்னா காலி நாற்காலிகிட்டப் பேசுவேன். ஜனங்க அதையும் பார்க்கட்டும்."

நாலு இருபது. ராசம்மா மேடையேறி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரில் இருந்தது காலி. பிரேமலா மைக்கோடு ஓரத்தில் நின்றாள். முன் வரிசையில் சங்கத்துப் பிள்ளைகள் பத்து பதினைந்து பேர். அவர்களுக்குப் பின்னால் கேட்கிற ஜனம். ஒரு நிமிடம் போனது. ராசம்மா மடியில் கைகளை வைத்துக்கொண்டு நாற்காலியைப் பார்த்தார். இரண்டாவது நிமிடமும் போகிறதுபோலத்தான் இருந்தது.

முன் வரிசைப் பிள்ளைகளின் தலைகள் திடீரென்று பின்னால் திரும்பின. ராசம்மாவும் பார்த்தார். கூட்டத்தின் நடுவில் கறுப்புக் குடையைத் தடியாக ஊன்றிக்கொண்டு வெள்ளையம்மா வந்துகொண்டிருந்தார். யாருக்கும் வழி விடவில்லை, எல்லாரும் அவருக்கு விட்டார்கள். மேடையேறினார். வணக்கம் இல்லை, சிரிப்பு இல்லை. நாற்காலியைக் கை வீச இடம் இருக்கும்படி ஒரு முழம் பின்னால் தள்ளிப்போட்டு உட்கார்ந்தார். குடையைக் கீழே வைத்தார். காற்றில் பின்னலைப் பிடித்து இழுத்தார்.

கருப்பாயிக்குப் பிறகு, இரண்டு வருடம் கழித்து, ராசம்மாவை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"நரைச்சுப்போச்சு உனக்கு," என்றார் வெள்ளையம்மா.

"உனக்கு நரைக்கலியா?"

"நான் சாயம் போட்டிருக்கேன்."

"அதான் காதோரம் வழியுது."

பிரேமலா மைக்கில் சொல்லச் சொல்ல கூட்டம் சிரித்தது. ராசம்மாவுக்கு அது தெரியவில்லை. அவர் வெள்ளையம்மாவின் கைகளை மட்டும் பார்த்தார். வேகம் குறையவே இல்லை. ஹாஸ்டல் கை, அதே கை.

வெள்ளையம்மா வேகமெடுத்தார். பிரேமலா திணறினாள். "வந்து... இது எனக்குத் தெரியாத சொல்லு. கோழி...? கோழி என்னமோ பண்ணுது..."

"கோழி இல்ல அக்கா!" கீழிருந்து ஒரு பெண்ணின் குரல். "அது ஹாஸ்டல் வார்டனோட பேரு. கோழி மாதிரி நடப்பாங்களாம். 'வார்டன்கூட உன்னவிட நல்லவங்க'ன்னு சொல்றாங்க அத்தை."

ஸ்ரீதரன் ஓடிப்போய் இன்னொரு மைக்கை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு வெள்ளையம்மாவின் பேச்சை அவளும் ராசம்மாவின் பேச்சைப் பிரேமலாவும் சொன்னார்கள். மேடையிலிருந்த இருவரும் இதையெல்லாம் கவனிக்கவில்லை.

"என் மகன் கல்யாணத்துல என்ன சொன்ன?" என்றார் வெள்ளையம்மா. "கருப்பாயிகிட்டச் சொன்னேல்ல. இப்ப என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு."

ராசம்மாவின் கைகள் மடியில் இறங்கின. பிரேமலா உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பது கடைக்கண்ணில் தெரிந்தது. மாற்றிச் சொல்லலாம். மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் எதிரில் இரண்டு கண்களும் திறந்திருந்தன. ராசம்மா கைகளைத் தூக்கினார். அன்று சொன்னதை ஒரு சைகை கூட்டாமல் குறைக்காமல் திரும்பச் சொன்னார். இனிமே இவ வீட்டுல இவதான் விருந்தாளி, என்பதுவரை.

கூட்டத்தில் சத்தம் அடங்கியது. கை அசைவுகளும் அடங்கின.

"உன் மாமியா உன் கையக் கட்டிப்போட்ட மாதிரி வச்சிருந்தது எனக்குத் தெரியும்," என்றார் ராசம்மா. "தெரிஞ்சுதான் சொன்னேன். தப்பு."

"தெரிஞ்சு ஏன் சொன்ன?"

"கருப்பாயி சிரிப்பாளேன்னு."

வெள்ளையம்மா தன் இடுப்பருகே, இல்லாத பையை, இரண்டு தடவை தட்டினார். கருப்பாயி.

"சிரிச்சாளா?"

"வயித்தப் பிடிச்சுக்கிட்டு."

"சிரிப்பா, சனியன்." வெள்ளையம்மா தலைப்பால் கண்ணைத் துடைத்தார். "அவ காரியத்துக்கு நீ வந்தியா?"

"வந்தேன். நீ முன்னால நின்ன. நான் பின்னாலயே நின்னுட்டேன்."

"உன் சேலை தெரிஞ்சுது. திரும்பல."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரல் என்று ஒன்று இருந்திருந்தால் அது உயர்ந்திருக்கும். கைகள் உயர்ந்தன.

"அந்த வீடியோ பார்த்த மறுநாளே ஆரம்பிச்சேன் தெரியுமா? உன் மேல இருந்த ஆத்திரத்துல. காலையில கோப்பி கலக்கும்போது அஞ்சு சொல், ராத்திரி பாத்திரம் கழுவும்போது அஞ்சு சொல். புதுசு இல்ல, நம்மது. இப்ப நான் பேசறத யாரு மைக்குல சொல்றான்னு திரும்பிப் பாரு."

ராசம்மா திரும்பினார்.

மேடைக்குக் கீழே ஒரு பெண் நின்றிருந்தாள். தொழிற்சாலைச் சட்டையோடு, ஒரு கையில் மைக்கும் மறு கையில் வெள்ளையம்மாவின் பையுமாக. கல்யாணத்தன்று மாலைக்கும் அலங்காரத்துக்கும் நடுவில் பார்த்த முகம். ஷாந்தினி. அவள் மைக்கையும் பையையும் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, காற்றில் பின்னலை இழுத்து ராசம்மாவைக் கூப்பிட்டாள். பழைய மொழியில், ஹாஸ்டல் வேகத்தில் பேசினாள்.

"ஆண்ட்டி, எங்க வீட்டுல அத்தை விருந்தாளி இல்ல. என் புருஷன்தான் விருந்தாளி. நாங்க ரெண்டு பேரும் பேசறது ஒண்ணும் அவருக்குப் புரியாது. சும்மா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு."

பிரேமலா தட்டுத்தடுமாறி அதை மைக்கில் சொன்னாள். பின்வரிசையில் கையில் செண்டோலோடு நின்றிருந்த வசந்தனை ஷாந்தினி காட்ட, அவனைப் பார்த்து ஜனம் கைதட்டியது. முன் வரிசைப் பிள்ளைகள் இரண்டு கைகளையும் உயர்த்தி விரல்களை ஆட்டினார்கள். அதுதான் அவர்களுடைய கைதட்டல்.

ராசம்மா ஷாந்தினியைப் பார்த்தார், வெள்ளையம்மாவைப் பார்த்தார். ஜொகூரில் இரண்டு பேர் என்று தினமும் கண்ணாடி முன்னால் கணக்குப் பார்த்தது தப்பு. கருப்பாயி போன பிறகும் மூன்று பேர்தான் இருந்திருக்கிறார்கள்.

"அவ கை கொஞ்சம் கோணலா இருக்கு," என்றார் வெள்ளையம்மாவிடம்.

"உன் கை மட்டும் நேரா?"

ஸ்ரீதரன் கீழே நின்று, நேரம் முடிந்தது என்ற அட்டையைக் காட்டினார். இருவரும் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அட்டையை மேலே தூக்கினார். பிறகு ஆட்டினார். கடைசியில் கிறிஸ்தாங் குழு மேடையேறி, கித்தாரை மீட்டிப் பாட்டையே தொடங்கிவிட்டது. பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் இரண்டு அம்மாக்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, 1971-இல் ரொட்டித் தட்டை யார் உடைத்தது என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஆடுகிறவர்கள் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். பிரேமலாவும் ஷாந்தினியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத்தான் கீழே இறக்க வேண்டியிருந்தது.

கையைப் பிடித்தால் பேச முடியாது அல்லவா? இறங்கியதும் இரண்டு பேரும் உதறிக்கொண்டு, செண்டோல் கடைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகளைப் பிடித்தார்கள். சதாசிவம் நான்கு கிண்ணம் வாங்கிவந்தார்.

"சோறு?" என்று கையால் கேட்டார்.

"இது சோறு இல்ல, செண்டோல்," என்று வெள்ளையம்மா அந்தச் சைகையைக் காட்டிக்கொடுத்தார்.

சதாசிவம் இரண்டு தடவை செய்து பார்த்தார். "சரி சரி," என்றார். அறுபத்தொன்று.

அப்போது விழாவுக்கு வீடியோ எடுக்கிற பையன் கேமராவோடு பின்னாலேயே வந்துவிட்டான். "ஆண்ட்டி, பேசுங்க, பேசுங்க. நேச்சுரலா இருக்கு. ஆவணத்துக்கு வேணும்."

வெள்ளையம்மாவின் கை பாதியில் நின்றது. "கேமரா," என்றார்.

"பார்த்தேன்," என்றார் ராசம்மா.

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். நாற்காலிகளைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டு, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். வார்டன் நடமாடும் சாப்பாட்டு மேசையில் செய்ததுபோலக் கைகளை மடிக்குள் இறக்கினார்கள். சேலைத் தலைப்புகள் இரண்டு பக்கமும் திரைபோல விழுந்தன.

பையன் நான்கு நிமிடம் காத்திருந்து எடுத்திருக்கிறான். அந்த வீடியோ விழாக்குழுவிடம் இருக்கிறது. அதில் இரண்டு முதுகுகள்தான் தெரிகின்றன. இரண்டும் குலுங்கிக்கொண்டே இருக்கின்றன.